ஐந்தாம் மாதம், செங்கீரை

ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி,
இரு கையும் தரையில் ஊன்றி
முகம் தூக்கி ஆட வேண்டும்.
பதினோரு வருடமாக வகுப்பில் இதைச் சொல்கிறேன்.
கரும்பலகையில் வரைந்தும் காட்டுவேன்.
தவளை, தவளை என்று சிரிப்பார்கள்.

நன்மாறன் ஐந்தாம் மாதம்
தவளையாகத்தான் கிடந்தான்.
மல்லாந்து, தொடைகள் விரிந்து,
பிழிந்து போட்ட துண்டு மாதிரி.
கண் மட்டும்
ஃபேனையும் என்னையும் ஜன்னலில் ஆடும் ரப்பர் இலையையும்
மாறி மாறிப் பிடித்தது.
சமத்துப் பிள்ளை, அழவே மாட்டான் என்றார்கள்
கருங்கல்லிலிருந்து பார்க்க வந்தவர்கள்.
அழுதுகொண்டுதான் இருந்தான்.
அது அடுத்த அறைக்குக் கேட்காது.

ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் டாக்டர்
முட்டியில் சிறு சுத்தியலால் தட்டினார்.
கால் பதில் சொல்லவில்லை.
டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார்.
நெடுநேரம் பார்த்தார்.
தூறல் விழும் குளத்தின் மேல்பரப்பு போல
நாக்கு முழுக்கச் சின்னச் சின்னத் துடிப்பு.

தால் என்றால் நாக்கு.
தாலாட்டு, நாக்கை ஆட்டிப் பாடுவது.
என் பிள்ளையின் தால் தானாக ஆடுகிறது என்பதை
எந்தப் பருவத்தில் சேர்ப்பேன்?

ரத்தம் வேலூர் போய்
மூன்றாம் வாரம் தாளாகத் திரும்பியது.
எனக்கு ஒன்று குறைவு. ரெஜிலனுக்கும் ஒன்று குறைவு.
மீதி ஒன்று இருந்ததால்
நான் மேட்டில் சைக்கிள் மிதித்தேன்,
அவர் குழித்துறை ஆற்றில் தலைகீழாகக் குதித்தார்.
குறை வெளியே தெரியவில்லை.
இரண்டு சொல் புணரும்போது
ஓர் எழுத்து இல்லாமல் போனால் அதன் பெயர் கெடுதல்.
மரம், வேர். மரவேர்.
அந்த 'ம்' எங்கே போச்சு டீச்சர் என்று
வருடத்துக்கு ஒருவனாவது கேட்பான்.
விதி அப்படி என்பேன்.
இலக்கணத்தைத்தான் சொன்னேன்.

வாட்ஸ்அப்பில் அவன் படம் சுற்றுகிறது.
கீழே மருந்தின் விலை, கோடியில்.
பூஜ்யங்களை எண்ணிச் சரிபார்த்தேன்.
'உதவுங்கள்' என்பதில் இருந்த எழுத்துப்பிழையையும்
திருத்தி அனுப்பினேன்.

செவ்வாயும் வெள்ளியும் டெல்பின் வருவாள்,
ஸ்கூட்டியில் ஒரு கிலுக்கும் மதிப்பெண் தாளும்.
மொத்தம் அறுபத்து நாலு.
இவனுக்குப் பதினேழு.
"கைய மேல தூக்கண்டாம் டீச்சர்,
மெத்தையில இழுத்தாப் போதும், அதுக்கும் மார்க்கு உண்டு."
அரை மதிப்பெண்ணுக்கு யாரிடமும் இரங்காதவள்,
அன்று கெஞ்சினேன்:
சுண்டுவிரல் அசைந்ததே, நீ பார்க்கவில்லையா?
"அது துடிப்பாக்கும். இவன் அசைச்சதில்ல."
நியாயமாகத் திருத்துகிறாள்.
எனக்கு அவளைப் பிடிக்கவில்லை.

வருகைப் பருவத்தைப் புத்தகத்தில் இரண்டு பக்கமாகப் புரட்டினேன்.

அம்புலியிடம் வந்தேன்.
நிலாவே கீழே வா, இவனோடு ஆட வா
என்று அழைக்க வேண்டிய இடம்.
அங்கே எல்லாம் ஆறில் ஒரு பங்கு கனம்தானாம்,
அறிவியல் வாத்தியார் எட்வின்ராஜ் சொன்னார்.
அங்கே என்றால் இவன் தலை தூக்குவான்,
கை கொட்டுவான்,
செங்கீரை என்ன, எழுந்தே நிற்பான்.
ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன்.
காற்றில்லை அங்கே.
இங்கே இருக்கிற காற்றையே
வயிற்றால் இழுத்து இழுத்து உண்கிறவன்.
வேண்டாம் அம்புலி, நீ அங்கேயே இரு.

"தண்ணியில விட்டுப் பாத்தீங்களா?
இவன் மல்லுக்கட்டுறது பூமிகூடயாக்கும்" என்றாள் டெல்பின்.

பெரிய சருவத்தில் இளஞ்சூட்டு நீர்.
ரெஜிலன் கையில் பால் வெட்டின மணம் போகவில்லை,
அந்தக் கை கழுத்துக்குக் கீழே.
முதலில் ஒன்றுமில்லை.
காது வரை நீர், கண் என் மேல்.
பிறகு வலது கால்
மெல்ல, தன் பாட்டில் நடக்கிற ஒன்றைப் போல,
விலகிப் போய்ச் சருவத்தின் ஓரத்தைத் தொட்டது.
டொக்.

மறுபடியும்.

பதிவேட்டில் பெயர் கூப்பிட்டால்
கடைசி பெஞ்சிலிருந்து வருமே ஒரு குரல்,
உள்ளேன் அம்மா என்று,
அவ்வளவு சத்தம்தான்.
டெல்பின் தாளை எடுக்கவில்லை.
நீரில் செய்ததற்கு மதிப்பெண் இல்லையாம்.

தண்ணீர் ஆறுகிறது.
அடுப்பில் இன்னொரு குடம் வைத்துவிட்டு வருகிறேன்,
கையை எடுத்துவிடாதீர்கள்.